காபூல் கொட்டகையில் பார்த்த "பாதி டாங்கி": கவசப் படையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

புக்கிட்பாத்தோக்_வாசி

வணக்கம். சுங்கை கெடோங் கவசப் படை முகாமில் இருந்தவர்கள் சிலர் இங்கே எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நம்பித்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2007 முதல் 2013 வரை நம் சிங்கப்பூர் ஆயுதப் படை ஆப்கானிஸ்தானுக்கு ஆட்களை அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். உருஸ்கான் மாநிலத்தில் மருத்துவக் குழு, ராடார் குழு, ஆளில்லா விமானக் குழு. காபூலில் பீரங்கிப் பள்ளியில் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து பயிற்றுநர்கள். நான் இந்தக் கடைசி வேலைக்காகப் போனவன்.

காபூலுக்குக் கிழக்கே புல்-இ-சர்க்கி பக்கம் சோவியத் காலத்து டாங்கிகள் வரிசையாகத் துருப்பிடித்துக் கிடக்கும். டி-55, டி-62, துருப்புகளை ஏற்றிச் செல்லும் வண்டிகள் என்று எல்லாம் உண்டு. அந்தப் படங்களை இணையத்தில் நிறையவே பார்க்கலாம். நான் கேட்க வந்தது வேறு.

ஒரு பழைய முகாமுக்குள் நீளமான கொட்டகை ஒன்று இருந்தது. கூரை பாதி போய்விட்டது. உள்ளே ஒரு டாங்கியின் டரட், அதாவது குழலோடு சுழலும் மேல்கூடு, மட்டும் நின்றது. அடியில் உடல் இல்லை, சங்கிலிப் பட்டை இல்லை. இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். சட்டத்தின் மூலைகளில் தடித்த சுருள் வில்கள், அடியில் மின்மோட்டார். குழல் நிஜ டாங்கிக் குழலைவிட மிகவும் குட்டை. அதன் மேல் துப்பாக்கி அளவு எதையோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு பிடி. டரட் சுவரைத் தட்டினேன், தகர டப்பா போலச் சத்தம் வந்தது.

கொட்டகையின் எதிர்ப்பக்கம் திறந்திருந்தது. அங்கே சிமெண்டும் மண்ணும் வைத்துக் கட்டிய குட்டிக் குன்றுகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய தண்டவாளம், கம்பி இழுக்கும் சிறு கப்பிகள். சுவரில் பல்புகளும் சுவிட்சுகளும் வைத்த பலகை. எழுத்தெல்லாம் ரஷ்யன்.

எங்களோடு வந்த ஆப்கன் மேஜர் ஒருவர், நரைத்த தாடிக்காரர், சட்டென்று உள்ளே ஏறி அந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி இருந்த ஓட்டையில் கண்ணை வைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றப் பார்த்தார். அது அசையவில்லை. "இருபது வயதில் நான் இங்கேதான் உட்கார்ந்தேன்" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னார். அதற்குமேல் கேட்க நேரமில்லை, வண்டி கிளம்பிவிட்டது. படம் எடுக்க அனுமதி இல்லாததால் அன்றிரவே பென்சிலில் வரைந்து வைத்தேன்.

என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் "அடிபட்ட டாங்கி" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது என்ன?

ஓஆர்டி_ஆனவன்

அண்ணா, பழைய டாங்கியின் டரட்டைக் கழற்றி மண்ணில் புதைத்துக் காவல் அரணாகப் பயன்படுத்துவார்கள். பல நாடுகளில் அது வழக்கம். அப்படி ஏதாவது இருக்கலாமோ? ஆனால் வில் எதற்கு என்றுதான் புரியவில்லை.

பழைய_கன்னர்

தம்பி புக்கிட்பாத்தோக், நீங்கள் பார்த்தது போருக்குப் போன டாங்கியே கிடையாது. அது கன்னருக்கான, அதாவது குறிபார்த்துச் சுடுபவருக்கான, பயிற்சி மேடை. தட்டியபோது டப்பா சத்தம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே பதில் இருக்கிறது. டி-55 டரட்டின் முன்பக்கம் சுமார் 200 மில்லிமீட்டர் வார்ப்பு எஃகு. அதைத் தட்டினால் உங்கள் கைதான் வலிக்கும். நீங்கள் தட்டியது தகட்டில் செய்த மாதிரி டரட். உள்ளே இருக்கை, கைச்சக்கரம், குறிபார்க்கும் கண்ணாடி எல்லாம் நிஜ டாங்கியில் எங்கே இருக்குமோ அங்கேயே இருக்கும். பயிற்சிக்கு அது போதும்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்றால், டாங்கிக் குண்டு விலை அதிகம், குழலும் தேயும். சில நூறு குண்டுகளிலேயே தேய்மானம் தெரிய ஆரம்பித்துவிடும். புதிதாக வந்த பையனுக்கு நூறு முறை சுடக் கற்றுக்கொடுக்க நூறு குண்டு செலவழிக்க எந்த நாட்டாலும் முடியாது. அதனால் பெரிய குழலோடு ஒரு சிறு துப்பாக்கியைப் பூட்டிவிடுவார்கள். கன்னர் செய்யும் வேலை முழுக்க நிஜ வேலைதான். வெளியே போவது மட்டும் சிறு தோட்டா. அந்தப் பிடி அதற்காக இருப்பது. அதில் திருகுகள் இருக்கும். துப்பாக்கி அடிக்கும் இடமும் கண்ணாடியில் தெரியும் குறியும் ஒன்றாகும்வரை அவற்றைத் திருகிச் சரிசெய்வார்கள்.

இனி அந்தக் குட்டிக் குன்றுகள். நவராத்திரி கொலுவில் மலை, குளம், கோயில் வைப்பது போலத்தான், ஆனால் இங்கே ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. 1,000 மீட்டரில் நிற்கும் டாங்கி கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, 100 மீட்டரில் வைத்த பத்தில் ஒரு பங்கு பொம்மையும் அதே அளவு தெரியும். கோணம் ஒன்றே. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

டி-55, டி-62 காலத்துச் சோவியத் கண்ணாடியில் தூரம் அளக்க லேசர் இருக்கவில்லை. கீழே ஒரு நேர்கோடு, மேலே சரிந்து போகும் ஒரு வளைகோடு. இலக்கின் அடி நேர்கோட்டில், உச்சி வளைகோட்டில் தொடும்படி நகர்த்தினால், தொடும் இடத்தில் எழுதியிருக்கும் எண்தான் தூரம். இலக்கு 2.7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு போட்ட கோடு அது. எதிரி டாங்கி அதைவிட உயரமாக இருந்தால் கிட்டே இருப்பதாகக் காட்டும். பாதி உடலை மண்ணுக்குள் மறைத்து நின்றால் தூரத்தில் இருப்பதாகக் காட்டும். இதையெல்லாம் கண்ணுக்குப் பழக்க வேண்டும். புத்தகத்தில் படித்து வராது. 27 சென்டிமீட்டர் பொம்மையைத் தண்டவாளத்தில் ஓடவிட்டு, மறுபடி மறுபடி அளக்கச் சொல்லித்தான் பழக்குவார்கள்.

வில்லும் மோட்டாரும் டரட்டை ஆட்டுவதற்கு. ஓடும் டாங்கிக்குள் இருக்கும் உணர்வைக் கொடுக்க வேண்டுமே.

உங்கள் மேஜர் சொன்னது சத்தியம். அவர் உட்கார்ந்துதான் இருப்பார்.

புக்கிட்பாத்தோக்_வாசி

அண்ணே, மிக்க நன்றி. இத்தனை வருடமாக மனதுக்குள் இருந்தது. "பாதி உடலை மறைத்து நின்றால் தூரமாகக் காட்டும்" என்பதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. அந்தச் சிமெண்டுக் குன்றுகள் சிலவற்றுக்குப் பின்னால்தான் தண்டவாளம் போனது. பொம்மையின் மேல்பாதி மட்டும் தெரியும்படி வேண்டுமென்றே கட்டியிருக்கிறார்கள் போல.

துவாஸ்_வெல்டர்

எல்லோருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டைக்காரன், துவாஸில் பழைய இரும்பு வெட்டும் யார்டில் வேலை. ராணுவம் எனக்குத் தெரியாது, இரும்பு தெரியும். அதனால் ஒரு சந்தேகம்.

அண்ணன் சொல்வதுபோல மெல்லிய தகடு என்றால், கேஸ் கட்டரை வைத்தால் அரைநாளில் மொத்தத்தையும் வெட்டி லாரியில் ஏற்றிவிடலாம். 200 மில்லிமீட்டர் வார்ப்புதான் வெட்ட முடியாமல் கிடக்கும், அதற்கு ஆக்சிஜன் செலவே இரும்பு விலையைத் தின்றுவிடும். மோட்டாருக்குள் தாமிரச் சுற்று இருக்கும், அதுதான் முதலில் போகும். அப்படியிருக்க, கனமான டாங்கிகள் மைதானத்தில் கிடந்ததில் அதிசயம் இல்லை. இந்தத் தகட்டு டரட் எப்படித் தப்பியது? அதற்குத்தான் காரணம் வேண்டும்.

பழைய_கன்னர்

நல்ல கேள்வி தம்பி. என் ஊகம், யாரோ ஒருவர் அதைக் காவல் காத்திருக்கிறார்.

புக்கிட்பாத்தோக்_வாசி

வெல்டர் தம்பி, நீங்கள் சொன்ன பிறகு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மோட்டாரின் மூடி திறந்திருந்தது என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். சுற்று இருந்ததா என்று குறிக்கவில்லை. சுவர்ப் பலகையின் பின்னால் கம்பிகள் இல்லை, வெறும் ஓட்டைகள்தான். ஆக தாமிரம் போயிருக்கிறது, தகடு நின்றிருக்கிறது.

வரலாற்றை யோசித்தால் அந்த இடத்தின் நிலைமை புரியும். 1989 பிப்ரவரி 15 அன்று கடைசி சோவியத் துருப்புகள் வெளியேறின. அதன் பிறகும் காபூல் அரசுக்கு மாஸ்கோவின் எரிபொருளும் உதிரிபாகமும் வந்துகொண்டுதான் இருந்தன. 1991 இறுதியில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது, 1992 ஏப்ரலில் அதிபர் நஜிபுல்லாவின் அந்தக் காபூல் அரசு விழுந்தது. டாங்கிகள் உள்நாட்டுப் போரில் ஒவ்வொரு தரப்பாகக் கைமாறின, ஏனென்றால் டாங்கியால் அப்போதும் பயன் இருந்தது. பயிற்சி மேடையை யார் எடுத்துப் போவார்கள்? அதை வைத்து யாரையும் சுட முடியாது. ஆனால் முகாம் என்னவோ எல்லாக் காலத்திலும் ஏதோ ஒரு படையின் கையில்தான் இருந்தது. வெளியாள் லாரி கொண்டுவந்து வெட்டியிருக்க முடியாது. உள்ளே இருந்தவர்கள் கையால் உருவக்கூடியதை உருவியிருப்பார்கள்.

துவாஸ்_வெல்டர்

அப்படியென்றால் சரி. கம்பி போய்த் தகடு நிற்பது எங்கள் யார்டுக்கு வரும் பழைய கப்பல் சாமான்களிலும் பார்ப்பதுதான். கட்டர் இல்லாத கை கம்பியைத்தான் எடுக்கும்.

செங்காங்_அக்கா

நான் பழம்பொருள் பராமரிப்புத் துறையில் இருக்கிறேன். என் தரப்பிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் வருத்தத்தோடு.

உலகத்தில் எந்த ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு டாங்கி நிற்கும். பளபளவென்று சாயம் அடித்திருப்பார்கள். அந்த டாங்கியை ஓட்டக் கற்றுக்கொடுத்த மேடை, குண்டு போடக் கற்றுக்கொடுத்த மரச் சட்டம், கரும்பலகை, அளவு பார்த்துச் செய்த பொம்மை, இவை பெரும்பாலும் இருக்காது. ஆயுதம் பழசானால் அது நினைவுச்சின்னம். பயிற்சிச் சாமான் பழசானால் அது குப்பை. பொருள் பதிவேட்டிலிருந்து முதலில் அடிபடுவதும் அதுதான்.

ஆனால் ஒரு படை எப்படி இருந்தது என்று தெரிய டாங்கியைவிட அந்த மேடை உதவும். இருக்கையில் தேய்ந்த இடம், கைச்சக்கரத்தில் சாயம் போன பக்கம், பயிற்றுநர் நின்ற பலகை எல்லாம் அதில் இருக்கும். எத்தனையோ பையன்கள் அதே இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். டாங்கி நான்கு பேரைத்தான் சுமக்கும். பயிற்சி மேடையில் ஒரு தலைமுறையே ஏறி இறங்கும்.

அதனால் புக்கிட்பாத்தோக் அண்ணா, உங்கள் பென்சில் வரைபடத்தைத் தயவுசெய்து பத்திரமாக ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் கொட்டகையைப் பற்றி மிஞ்சியிருப்பது ஒருவேளை அது மட்டும்தானோ என்னவோ.

ஓஆர்டி_ஆனவன்

அக்கா சொல்வது புரிகிறது. ஆனால் நான் கொஞ்சம் எதிர்வாதம் செய்யட்டுமா?

நான் இப்போதைய தலைமுறை. எங்களுக்குத் திரை வைத்த சிமுலேட்டர். வானிலை மாற்றலாம், இரவாக்கலாம், நாலு டாங்கிக் குழுக்களை ஒன்றாக இணைத்து விடலாம், தவறு செய்தால் அதே காட்சியைத் திரும்ப ஓட்டிக் காட்டுவார்கள். பொம்மையை நூலில் இழுத்து, வில்லில் ஆட்டிப் பழகியது அந்தக் காலத்துக்குச் சரி. அதைப் பாதுகாத்து வைக்கிற அளவுக்கு அதில் தொழில்நுட்பம் என்ன இருக்கிறது?

பழைய_கன்னர்

தம்பி, சிமுலேட்டர் உயர்ந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நம் நாட்டுக்கு அது இல்லாமல் முடியாது. சிங்கப்பூரின் பரப்பு 730 சதுர கிலோமீட்டர் சொச்சம். நம் லெப்பர்ட் டாங்கியின் 120 மில்லிமீட்டர் குழலை இங்கே எங்கே வைத்துச் சுடுவது? அதனால்தான் ஜெர்மனிக்கும், குவீன்ஸ்லாந்தில் ஷோல்வாட்டர் பேக்கும் போகிறோம். அங்கே கிடைக்கும் நாள்கள் குறைவு. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் இங்கே சிமுலேட்டரில் பல மணி நேரம் போயிருக்கும். இடம் இல்லாத நாடு திரையில்தான் டாங்கிக்காரனை உருவாக்க வேண்டும்.

ஆனால் அந்த மேடையில் ஒன்று இருக்கிறது, திரையில் கிடைப்பது கடினம். வெளியே போவது நிஜத் தோட்டா. காற்று அதைத் தள்ளும். பிடியின் திருகு தளர்ந்திருந்தால் தோட்டா வேறெங்கோ போகும். அடித்தது எங்கே விழுந்தது என்று எந்தக் கணினியும் சொல்லாது, தூசி எழும்புவதைப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பார்த்ததை வைத்து அடுத்ததைத் திருத்த வேண்டும். கன்னரின் தொழிலே அந்தத் திருத்தம்தான்.

என் காலத்தில் நம்மிடம் இருந்தது ஏஎம்எக்ஸ்-13 டாங்கி. இஸ்ரேலிடமிருந்து பழசாக வாங்கி, 1969 தேசிய தின அணிவகுப்பில் பாடாங்கில் ஓடவிட்ட அதே வண்டிகள். அதன் டரட் விசித்திரமானது. மேல்பாதி முழுவதுமே குழலோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். பின்னால் ஆறு ஆறு குண்டாக இரண்டு உருளைகள். பன்னிரண்டும் தீர்ந்தால் வெளியே இறங்கித்தான் நிரப்ப வேண்டும், எதிரிக்கு முன்னால் அது நடக்காது. அதனால் "ஒவ்வொரு குண்டும் கணக்கு" என்பது எங்களுக்குச் சும்மா பேச்சு இல்லை. எண்பதுகளின் கடைசியில் டீசல் எஞ்சின் போட்டு எஸ்எம்1 ஆக்கினார்கள், உருளை மாறவில்லை. அதில் பழகியவன் இன்றைக்கும் முதல் குண்டை அவசரப்பட்டுச் சுடமாட்டான்.

அந்த ஆப்கன் மேஜரிடமும் அப்படி ஒரு பழக்கம் இருக்கும். அவருடைய கண்ணாடியில் திசை அளக்க முழு வட்டத்தை 6,000 பங்காகப் பிரித்திருப்பார்கள். நாம் பழகியது நேட்டோ நாடுகளின் 6,400 பங்கு. கை அதில் பழகிவிட்டால் இதற்கு மாறுவது லேசு இல்லை.

புக்கிட்பாத்தோக்_வாசி

அண்ணே, இந்த 6,000 கணக்கு எங்கள் பீரங்கிப் பக்கமும் பெரிய விஷயம். ஆப்கன் படையிடம் இருந்தது சோவியத் டி-30 பீரங்கி, 122 மில்லிமீட்டர். கண்ணாடி 6,000இல். வந்திருந்த வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் எல்லோரும் 6,400இல் வளர்ந்தவர்கள். திசைகாட்டி ஒன்று, பீரங்கி வேறு என்று கலந்துவிட்டால் குண்டு பக்கத்துக் கிராமத்தில் விழும். 3,000 என்று சொன்னால் அவர்களுக்கு அது நேர் எதிர்த்திசை. நமக்கு எதிர்த்திசை 3,200. பத்துக் கிலோமீட்டரில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் ஆகிவிடும். அதனால் நாங்கள் அவர்கள் கணக்கைக் கற்றுக்கொண்டோம், அவர்களை மாற்றச் சொல்லவில்லை. பழைய ஆப்கன் பயிற்றுநர்கள் அதை மனக்கணக்காகவே போடுவார்கள்.

முன்னாள்_பொறியாளர்_படை

தாமதமாக வருகிறேன். கருத்துகள் எல்லாம் அருமை. ஆனால் இதைப் படிக்கிற சின்னப் பையன்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நான் வெடிபொருள் அகற்றும் பிரிவில் இருந்தவன்.

"பயிற்சிச் சாமான்தானே, ஆபத்து இல்லை" என்று நினைத்து யாரும் கை வைக்காதீர்கள். பயிற்சிக் கூடத்தில் வெற்றுக் குண்டும் இருக்கும், நிஜக் குண்டும் இருக்கும். போர் நடக்கும்போது யார் எதை எங்கே வைத்தார்கள் என்று பதிவு இருக்காது. நேட்டோ நாடுகளில் நீலச் சாயம் என்றால் பயிற்சிக் குண்டு. எல்லா நாட்டிலும் அந்த விதி கிடையாது, மேலும் வெயிலில் எல்லாச் சாயமும் வெளுத்துவிடும். காபூலைச் சுற்றி நிலக்கண்ணிகள் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. கொட்டகைக்குப் போகும் பாதையே ஆபத்து. பழைய சோவியத் அளவுமானிகளில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த சாயம் பூசியிருப்பார்கள். ஒளி போனாலும் கதிர்வீச்சு போகாது. முள் உடைந்திருந்தால் அந்தத் தூசியை மூச்சில் இழுப்போம்.

வீட்டுக்கு எடுத்து வருவது பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கே ரேஞ்சில் சுடும் பயிற்சி முடிந்ததும் வரிசையில் நின்று "தோட்டா இல்லை, வெற்றுக்கூடு இல்லை" என்று ஒவ்வொருவரும் சொல்லித்தானே வருகிறோம்? அதே ஒழுக்கம் வெளிநாட்டிலும். நம் சட்டத்தில் அனுமதியில்லாத தோட்டா ஒன்று கையில் இருந்தாலே சிறையும் பிரம்படியும்.

தூரத்து நாட்டுக் கதை என்றும் நினைக்காதீர்கள். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமான இடத்தில் 100 கிலோ குண்டு கிடைத்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. நாலாயிரம் பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேற்றி, அந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். எண்பது ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் அது செத்துவிடவில்லை.

துவாஸ்_வெல்டர்

சார் சொல்வது முழுக்க உண்மை. எங்கள் யார்டில் அடையாளம் தெரியாத உருளை வந்தால் யாரும் தொடக்கூடாது, சூப்பர்வைசர் வரும்வரை கட்டரை அணைத்துவிட வேண்டும். ஊரில் பழைய இரும்புக் கடையில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் செத்த செய்தியைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஒரு கேள்வி செங்காங் அக்காவுக்கு. அந்த டரட்டை யாராவது ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகம் எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து வைத்தால் நல்லதா? இல்லை அங்கேயே கிடந்து துருப்பிடிப்பது நல்லதா?

செங்காங்_அக்கா

தம்பி, என் பதில் அங்கேயே இருக்கட்டும் என்பதுதான். அது ஆப்கன்காரர்களின் பொருள். செய்தது சோவியத்காரர்களாக இருக்கலாம், உட்கார்ந்து பழகியது அந்த ஊர்ப் பையன்கள். அந்தக் குட்டிக் குன்றுகளை விட்டுவிட்டு டரட்டை மட்டும் தூக்கி வந்தால் அது வெறும் தகரம். இரண்டும் சேர்ந்தால்தான் அது பள்ளிக்கூடம். போகிற ராணுவம் செய்யக்கூடியது அளப்பது, வரைவது, பழகியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது. இதற்கு லாரியும் வேண்டாம், கப்பலும் வேண்டாம்.

ஓஆர்டி_ஆனவன்

அக்கா, அப்படியென்றால் நம் பக்கமும் அதைச் செய்யலாமே. ஏஎம்எக்ஸ்-13 உருளையில் குண்டு நிரப்பப் பழகியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய கன்னர் அண்ணே, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் நீங்கள் ஒரு தனி இழை தொடங்கினால் நான் தட்டச்சு செய்து தருகிறேன். உண்மையாகவே சொல்கிறேன்.

பழைய_கன்னர்

செய்யலாம் தம்பி. வகுப்பறையில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதலாம், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை தொடங்குவோம்.

புக்கிட்பாத்தோக், வரைபடத்தில் இன்னொன்று பார்த்துச் சொல்லுங்கள். மோட்டார் ஒன்றா, இரண்டா?

புக்கிட்பாத்தோக்_வாசி

இரண்டு அண்ணே. ஒன்று குழலின் திசையிலேயே நீளவாக்கில், இன்னொன்று குறுக்கே. இரண்டிலும் தண்டு நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளிப் பொருத்திய சக்கரம். ஒரு சக்கரம் பெரிது, மற்றது அதில் முக்கால்வாசி.

பழைய_கன்னர்

அப்படியானால் நன்றாக யோசித்துக் கட்டியவன் கட்டிய மேடை. நீளவாக்கு மோட்டார் ஒரு பக்கம் ஆட்டும், குறுக்கு மோட்டார் மறுபக்கம் ஆட்டும். இரண்டின் வேகமும் வேறு என்றால் ஆட்டம் சீக்கிரத்தில் ஒரேமாதிரி திரும்பி வராது. பையன் தாளத்தை மனப்பாடம் செய்து சுட முடியாது, ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் சுட வேண்டும். ஒரே மோட்டார் வைத்த மேடை என்றால் கெட்டிக்காரப் பையன் அரைமணி நேரத்தில் எண்ணிக்கை வைத்து ஏமாற்றிவிடுவான்.

ஸ்கேன் செய்ததும் படத்தை இங்கேயே ஏற்றுங்கள். இடத்தின் பெயரை மட்டும் அழித்துவிடுங்கள். வில்லுக்கும் வில்லுக்கும் இடைவெளி குறித்திருந்தால் அது எந்த டாங்கிக்கான மேடை என்று சொல்ல முயற்சி செய்கிறேன்.